அருச்சுனா நதிக்கரையில் ஒரு பழம்பதி

ஓர் ஊரின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர் முதற்கண் வினவுவது, "இவ்வூரை ஆண்ட மன்னன் யாவன்? இக்கோயிலை எழுப்பியவன் யாவன்?" என்பதேயாம். இவ்வினா தவறன்று. ஆயினும் இதனோடு சேர்த்துக் கேட்கத்தக்க வினா மற்றொன்றுண்டு. "இவ்வூரில் என்ன தொழில் நடந்தது? அதைச் செய்தவர் யாவர்?" என்பதே அது. முன்னைய வினாவுக்குக் கல்லும் செம்பும் விடை கூறும். பின்னதற்கு விடை கூறுவார் அரியர். அவ்வரிய விடையை ஈராயிரம் ஆண்டுகளுக்கு அணித்தாகக் காத்து வைத்திருக்கும் ஊர் ஒன்று நமது ஆற்றங்கரையிலேயே உளது. அதனைச் சென்று கண்டு, கண்டதையும் கற்றதையும் நம் சங்கத்துக் குடும்பத்தார் அனைவரும் அறியுமாறு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

நமது ஆனைக்குட்டம் அருச்சுனா நதியின் கரையிலமைந்த ஊர். குட்டம் என்னும் சொல் ஆழமான நீர்நிலையைக் குறிக்கும். ஊரின் பெயரிலேயே ஆழ்ந்த நீர் இருப்பினும், ஆறு என்னவோ ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி, ஐப்பசி கார்த்திகை மழையில் பெருகி, மற்றைய நாளில் ஊற்றுத் தோண்டினால்தான் நீர் காட்டும் இயல்பினது அது. ஆனைக்குட்டத்திலே அதன் குறுக்கே அணை கட்டப்பெற்று, அந்நீர் வயலுக்கும் விருதுநகர மக்களின் குடிநீருக்கும் பயன்பட்டு வருவது யாவரும் அறிந்ததே. இவ்வாறு சென்று, இருக்கன்குடியில் மாரியம்மன் கோயிலருகே வைப்பாற்றோடு கலக்கின்றது. இந்தச் சிற்றாற்றங்கரையின் பழம்பதிகளுள் தலையாயது திருத்தங்கல்.

திருத்தங்கலுக்கு யாம் சென்ற காலத்தில் முதலிற் கண்ணிற் பட்டது அதன் குன்றே. சுற்றிலும் அச்சகங்களும் தீப்பெட்டிச் சாலைகளும் வாணிகத் தெருக்களும் நெருங்கியிருக்க, நடுவே அக்குன்று தன் கோயில்களைச் சுமந்துகொண்டு நிற்கின்றது. நின்ற நாராயணப் பெருமாள் கோயில் அதன்மேல் உளது. பூதத்தாழ்வாராலும் திருமங்கையாழ்வாராலும் பாடப்பெற்று நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாக எண்ணப்படுவது இது. கருநெல்லிநாதர் என்னும் பெயருடன் சிவபெருமானும் இவ்வூரிலே எழுந்தருளியிருக்கின்றார். பாறையைக் குடைந்து கோயில் செய்யும் முற்காலப் பாண்டியர் வழக்கத்துக்கு இக்குன்றும் ஒரு சான்று. ஊரின் வைணவப் பெயர் திருத்தண்கால் என்பது. தண்கால் என்றால் குளிர்ந்த காற்று. திருமகள் தங்கித் தவஞ்செய்தமையால் திருத்தங்கல் ஆயிற்று என்று தலபுராணம் கூறும். இன்று இது தனியூரன்று. 2021-ஆம் ஆண்டில் சிவகாசி மாநகராட்சி அமைந்தபோது அதனோடு இணைக்கப்பெற்றது. ஆனால் சிவகாசிக்குப் பெயர் வந்த கதையோ, பதினைந்தாம் நூற்றாண்டில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசியினின்று இலிங்கம் கொணர்ந்தான் என்பதனோடு நின்றுவிடுகின்றது. திருத்தங்கலின் பெயரோ அதற்கும் பன்னூறாண்டு முற்பட்ட நூல்களில் தங்கால் என வழங்குகின்றது. ஆகவே இங்கே இளையவர் வீட்டில் மூத்தவர் குடியேறியிருக்கின்றனர் என்று கொள்ளலாம்.

தங்கால் என்னும் பெயர் சிலப்பதிகாரத்தில் வருகின்றது. மதுரை எரிந்தபின், அந்நகரத்துத் தெய்வம் கண்ணகியின் பின்னே வந்து, பாண்டியர் குலம் கொடுங்கோல் அறியாதது என்று காட்டுதற்பொருட்டுச் சில வரலாறுகளைக் கூறுகின்றது. அவற்றுள் ஒன்று தங்காலில் நிகழ்ந்தது. சோணாட்டு அந்தணனாகிய பராசரன் என்பான் சேர மன்னனைக் கண்டு பெரும்பரிசில் பெற்று மீள்பவன், வழியிலே தங்காலில் அரசமரத்து மன்றத்தில் இளைப்பாறினான். அங்கே விளையாடிய சிறுவர்களுள் வார்த்திகன் என்னும் வறிய அந்தணனின் மகன், மழலை மாறாத வாயால் மறையைப் பிழையின்றி ஓதினான். மகிழ்ந்த பராசரன் அச்சிறுவனுக்குப் பூணூலும் கடகமும் தோடும் கொடுத்துச் சென்றான். வறியவன் வீட்டிலே பொன் விளங்கினால் அது வந்த வழியை உலகம் நல்வழி என்று நம்புவதில்லை. அரசனுடைய ஏவலர், வார்த்திகன் புதையற்பொருளைக் கவர்ந்தான் என்று குற்றஞ்சாட்டிச் சிறையிலிட்டனர். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் விழுந்து புலம்பினாள். கொற்றவை கோயிற் கதவு மூடிக்கொண்டு திறவாதாயிற்று. செய்தி அறிந்த பாண்டியன் உண்மையை ஆராய்ந்து, தன் ஆட்சி பிழைத்தது என்று வார்த்திகனை வணங்கிப் பொறுக்க வேண்டினான். தங்காலையும் வயலூரையும் அவனுக்கு வழங்கினான். கதவும் திறந்தது. அதன்மேலும், சிறைக்கோட்டங்களைத் திறக்கவும், இறைகடன் பட்டோரை விடுவிக்கவும், கண்டெடுத்த பொருள் கண்டெடுத்தவர்க்கே உரியதாகவும் ஆணை பிறப்பித்தான் என்று காப்பியம் கூறும்.

இக்கதை தங்காலுக்குப் பெருமை தருவதே. ஆயினும் யாம் இதனினும் உயர்வாகப் போற்றுவது வேறொன்று. சங்கப் புலவர்களுள் தங்கால் என்னும் அடைமொழியுடையார் சிலர் உளர். ஆத்திரேயன் செங்கண்ணனார் ஒருவர், முடக்கொற்றனார் ஒருவர், மற்றொருவர் பொற்கொல்லன் வெண்ணாகனார். இறுதியிற் கூறியவரை நோக்குமின்! ஊர்ப்பெயர் முன்னே, தொழிற்பெயர் நடுவே, தம் பெயர் பின்னே. குறடும் ஊதுகுழலும் கையிற் கொண்டு உலைமுகத்தில் அமர்ந்து பொன்னை உருக்கிய ஒருவர், புலவர் அவையிலும் அப்பெயரோடே அமர்ந்தார். பொற்கொல்லன் என்னும் சொல்லை அவரும் மறைத்திலர், தொகுத்தோரும் நீக்கிலர்.

சிலப்பதிகாரம் படித்தோர் பொற்கொல்லன் என்றவுடன் நினைப்பது, சிலம்பு திருடிய பழியைக் கோவலன்மேல் ஏற்றிய மதுரைப் பொற்கொல்லனையே. ஒருவன் செய்த பொய்யால் ஒரு தொழிலார் முழுவதற்கும் பெயர் கெட்டதுபோலாயிற்று. அதே பாண்டி நாட்டிலே, தங்காலில் ஒரு பொற்கொல்லர் தமிழ்ப்பாட்டு இயற்றி அழியாது நின்றார் என்பதை நம் பிள்ளைகளுக்குக் கூறுவார் யார்? ஒருவன் குற்றத்தைக் குலத்தின்மேல் ஏற்றுவோர், ஒருவரது சிறப்பைத் தொழிலின்மேல் ஏற்றவும் கற்க வேண்டும் அன்றோ?

இனி, அவர் பாடியது யாதெனின், புறநானூற்றில் 326-ஆம் பாட்டு அவருடையது. ஊரைப் புகழ வந்த புலவர் வீரத்தோடு தொடங்கவில்லை, இரவோடு தொடங்குகின்றார். ஊரின் பழைய வேலியோரத்தில் காட்டுப்பூனை பதுங்கி வருகின்றது. அதனை அஞ்சிய இளங்கோழி உயிர் நடுங்கிக் கூவுகின்றது. அவ்வேளையில், பருத்தியின் கோதும் தூசும் புடைத்துப் போக்குதற்கு ஒருத்தி எழுகின்றாள். அவள் கையிலுள்ள சிறு விளக்கின் ஒளியில், முருக்கம்பூப் போன்ற கொண்டையையுடைய சேவலைக் கண்டு அப்பேடை அச்சந் தணிகின்றது. பாட்டின் பின்பகுதியில் விருந்தோம்பும் மனைவியும், பரிசிலர்க்கு யானையின் நெற்றிப் பொன்னோடையை ஈயும் தலைவனும் வருகின்றனர். பொன்னோடையைப் பொற்கொல்லர் பாடியது வியப்பன்று. அது அவரது தொழில். ஆயின் அப்பொன்னோடைக்கு முன்பே, பஞ்சின் தூசு படிந்த அந்தச் சிறுவிளக்கை அவர் வைத்தார் என்பதே நாம் உளங்கொள்ளத்தக்கது.

இருள் சூழ்ந்தும் உறங்காமல் வேலை செய்பவரை வேலை செய்பவரே அறிவர். உலைநெருப்பின்முன் கண்விழித்த பொற்கொல்லர், அயல்வீட்டு விளக்கு அணையாதிருத்தலைக் கண்டிருத்தல் கூடும். அவளுக்கு அவர் பெயர் இடவில்லை. பருத்திப் பெண்டு என்றே கூறினார். ஆண் துணை இல்லாத மகளிர் தம் முயற்சியால் நுண்ணூல் நூற்றமையை நற்றிணையும் கூறும். ஆதலின் அத்தகைய மகளிர்க்கு அந்நாளில் இத்தொழில் பிழைப்பாக இருந்தது என்பது தெளிவு. கொட்டை நீக்குதல், வில்லால் பஞ்சடித்தல், தக்களியில் நூற்றல் என்று பல வினைகள் அவ்விரவுகளில் நடந்தேறியிருக்க வேண்டும். நமது கரிசல் நிலம் பருத்திக்கு உகந்தது என்பதை உழவர் எவரும் உரைப்பர். இந்நிலத்துப் பருத்தியும் இந்நிலத்து மகளிர் கண்விழிப்பும் இவ்வாறு ஒரு பொற்கொல்லரின் பாட்டில் ஏறி நிலைபெற்றன.

புலவர் கூறியது கற்பனையோ என ஐயுறுவார்க்கு மண்ணும் சான்று பகர்கின்றது. சிவகாசிக்கு அப்பால் வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில், தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அகழாய்வைத் தொடங்கி, 2023, 2024 ஆகிய ஆண்டுகளிலும் தொடர்ந்தது. ஆயிரக்கணக்கான பொருள்கள் வெளிப்பட்டன. அவற்றுள் முடிமன்னர் வாளினும் மிகுதியாகக் கிடைத்தவை கைவினைஞர் விட்டுச் சென்றவையே. அறுத்து முடிக்கப்பெறாத சங்குவளைகள், கண்ணாடி மணிகள், சுடுமண் தக்களிகள், பொன்னணியின் சிறு துண்டு ஆகியவை அங்கே கண்டெடுக்கப்பட்டன. முடிக்கப்பெறாத வளை ஓரிடத்தில் மிகுதியாகக் கிடப்பின், வளை அங்கே விற்கப்பட்டது மட்டுமன்று, அங்கேயே செய்யப்பட்டது என்று அறிஞர் துணிவர். கடலிற் பிறந்த சங்கு இவ்வளவு தூரம் உள்நாட்டிற்கு வந்து வளையாக மாறியது. தக்களி உருண்ட கைகளும் பொன் தட்டிய கைகளும் இந்நதிக்கரைகளில் இருந்தன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. அக்கைகளுக்கு உரியவர் பெயர் மட்டும் மண்ணில் இல்லை.

நிற்க. கோயிற்சுவர்களை நோக்குவோம். பாண்டி நாட்டுச் சோழ நாட்டுக் கோயில்களில் எண்ணிறந்த சாசனங்கள் உள. நந்தாவிளக்கு எரிக்க ஆடு விட்டவன் பெயர் அதில் உண்டு. நிலம் விட்டவன் பெயரும், அந்நிலத்தின் நான்கெல்லையும், கையெழுத்திட்ட அதிகாரிகளின் பெயரும் உண்டு. ஆனால் அவ்விளக்குக்குத் திரி திரித்தவள் பெயர் பெரும்பாலும் இல்லை. விளக்கை வார்த்த கன்னான் பெயரும் அரிது. கொடுத்தவன் பெயரைக் கல் தாங்கிற்று. செய்தவர் பெயரைக் காற்று கொண்டு சென்றது.

விதிவிலக்கு உண்டா என்று வினவின், உண்டு என்போம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலை 1010-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய முதலாம் இராசராசன், தன்னையும் தன் தமக்கையையும் மட்டும் கல்லில் எழுதுவித்தானல்லன். கோயிலின் பெருந்தச்சனாகிய குஞ்சரமல்லன் பெயரை எழுதுவித்தான். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும், அவரவர் எவ்வூரினின்று வந்தார், எத்தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார் என்பதுவரை பொறிப்பித்தான். கணக்கரும் தச்சரும் தையற்காரரும் நாவிதரும் வண்ணாரும் அக்கல்லில் தத்தம் பங்கோடு நிற்கின்றனர். பேரரசன் ஒருவனுக்கு நானூறு பெண்டிரின் வீட்டு வரிசையை எழுதுவிக்கப் பொழுது இருந்ததாயின், நமக்கு நம் வீட்டுப் பாட்டியின் பெயரையும் தொழிலையும் எழுதப் பொழுதில்லை என்று கூறுதல் எவ்வாறு பொருந்தும்?

இனி நம் காலத்துக்கு வருவோம். 1892-ஆம் ஆண்டில் மதுரையில் ஹார்வி ஆலை நிறுவப்பெற்றது. ஆலைநூல் பெருகப் பெருகக் கைராட்டைகள் ஓய்ந்தன. பருத்திப் பெண்டின் சிறுவிளக்கும் மெல்ல அணைந்தது. ஆயினும் கரிசற் சீமையின் மகளிர்க்கு இரவுவேலை நீங்கிற்றில்லை; தொழில்தான் மாறிற்று. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைக் கற்று வந்து இங்கே தொடங்கினர். மழை பொய்க்கும் நாட்டில் மழையை நம்பாத தொழில் ஒன்று வேரூன்றிற்று. வறண்ட வானம் உழவனுக்குப் பகை, தீக்குச்சிக்கோ நட்பு. அன்று முதல் அருச்சுனா நதிக்கரை ஊர்களில் வீடுதோறும் திண்ணைதோறும் தீப்பெட்டி ஒட்டப்பட்டது, கட்டை அடுக்கப்பட்டது, குரோசுக் கணக்கில் கூலி பெறப்பட்டது. சிமினி விளக்கின் அடியில் பசைக்கிண்ணமும் மரச்சீவலும் நீலத்தாளுமாகப் பெண்டிர் அமர்ந்திருந்த காட்சியை நம்மில் முதியோர் கண்ணாரக் கண்டிருப்பர். சிறுவர் சிறுமியர் பள்ளியை விடுத்து அவ்வேலையில் அமர்ந்ததும் உண்டு. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்வந்த முயற்சிகளும் அக்கொடுமையைக் குறைத்தன. இதனை மறைத்துத் தொழிற்பெருமை மட்டும் பேசுவது சரித்திரமாகாது.

ஆனைக்குட்டத்தில் முதியவள் ஒருத்தியை யாம் கண்டு, இளமையில் அவள் செய்த வேலையைக் கேட்டோம். அடிப்பெட்டி மடிப்பது இவ்வாறு, மேற்பெட்டி ஒட்டுவது இவ்வாறு என்று பெட்டியும் பசையுமின்றி வெறுங்கையாலேயே காற்றில் செய்து காட்டினாள். விரல்கள் ஒருமுறையும் தடுமாறவில்லை. யாம் ஏட்டை எடுத்து அவள் பெயரைக் கேட்டபோது நகைத்து, "என் பேரு எதுக்குங்கய்யா? நாங்க பொட்டிதான ஒட்டுனோம். மொதலாளி பேரத்தான் பொட்டியிலயே போட்ருக்காகளே, அத எழுதுங்க" என்றாள். இவ்விடையில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. பெயர் எழுதப்படுவது வேறொருவர்க்கு உரியது என்னும் எண்ணம் அத்துணை ஆழமாக ஊறிவிட்டது. தீப்பெட்டியின் மேற்சீட்டில் கோழி உண்டு, மயில் உண்டு, யானை உண்டு. ஒட்டியவள் மட்டும் இல்லை.

தொழிலாளர் பெயர் அச்சில் ஏறும் நாள் ஒன்றுண்டு. அது விபத்து நாள். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசுச் சாலை வெடித்து முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறுநாட் செய்தித்தாளில் அவர்கள் பெயரும் வயதும் ஊரும் வந்தன. உயிரோடிருந்து தொழில் செய்த நாளில் எவ்வேட்டிலும் ஏறாத பெயர்கள், மாண்ட பின்னரே வரிசையாக அச்சேறின. இதனை எழுதக் கை நடுங்குகின்றது. கைத்திறன் உடையோரை இருக்கும்போதே அறிந்து போற்றும் சமூகமே அவர்தம் உயிரையும் பாதுகாக்கக் கருதும். பெயர் தெரியாதவன் உயிர் கணக்கிலே ஓர் எண். பெயர் தெரிந்தவன் உயிர் ஒரு வீட்டின் விளக்கு.

நம் சங்கங்கள் பலவும் தத்தம் குலத்தின் பூர்வீகத்தை எழுதும்போது, மூவேந்தரோடு உறவு காட்டுவதில் மிக்க ஊக்கம் கொள்கின்றன. அரசர் மரபினர் என்று கூறிக்கொள்ளாத குலம் இந்நாட்டில் உண்டோ என்று ஐயுறுமளவுக்கு அந்நூல்கள் பெருகிவிட்டன. யாரையும் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஆயினும் ஒன்று கேட்போம். நம் முன்னோருள் முடி சூடியவர் எத்தனை பேர்? ஏர் பிடித்தவரும், பனையேறியவரும், நூல் நூற்றவரும், கல்லுடைத்தவரும், பெட்டி ஒட்டியவரும் எத்தனை பேர்? முன்னவரைத் தேடி நூறு ஏடுகளைப் புரட்டும் நாம், பின்னவரை நம் வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொண்டே மறக்கின்றோம். தங்கால் வெண்ணாகனார் தம்மை மன்னன் வழியினர் என்று கூறிக்கொண்டாரல்லர், பொற்கொல்லன் என்றார். அப்பெயரே அவரை இத்தனை நூற்றாண்டு கடத்தி நம்மிடம் கொணர்ந்தது. உ. வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் ஏட்டுச்சுவடிகளினின்று அச்சேற்றியிராவிடில், தங்காலின் அந்தணச் சிறுவனையும் பொற்கொல்லரையும் பருத்திப் பெண்டையும் நாம் அறிந்திருப்போமோ? ஓலை செல்லரித்தால் ஊரே மறையும். நினைவோ, ஓலையினும் விரைவில் செல்லரிப்பது.

ஆதலின் நம் அன்பர்களுக்கு யாம் விண்ணப்பிப்பது இது. ஒவ்வொரு குடும்பத்தாரும் நாற்பது தாளுள்ள குறிப்பேடு ஒன்றை வாங்குக. வீட்டிலுள்ள முதியோரை அமர்த்தி, அவர் செய்த தொழில் யாது, எவரிடம் கற்றார், எக்கருவியை எப்பெயரால் அழைத்தார், கூலி எவ்வாறு கணக்கிடப்பட்டது, எம்மழை எவ்வாண்டு பொய்த்தது என்பனவற்றை அவர் வாய்மொழியிலேயே எழுதுக. கருவிகளின் பெயர்களைச் சிறப்பாக எழுதுக. தொழில் மறையும்போது முதலில் மறைவது கருவியின் பெயரே. பாட்டியரின் பெயரை முழுமையாக எழுதுக. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்பதனோடு நின்றுவிட வேண்டா. கல்லூரியிற் பயிலும் இளைஞர்கள் தம் கைப்பேசியில் முதியோர் குரலைப் பதிவு செய்தலும் நன்று. ஆயினும் தாளில் எழுதிய படி ஒன்று வீட்டில் இருத்தல் வேண்டும்.

விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருத்தங்கல் சென்று வருக. பெருமாளைச் சேவித்தும் கருநெல்லிநாதரை வணங்கியும் குன்றின்மேல் நின்று ஆற்றின் பக்கம் நோக்குக. மணலும் சீமைக்கருவேலுமாகக் கிடக்கும் அந்நதியைக் காட்டி, இதன் கரையில் ஒரு பொற்கொல்லர் தமிழ் பாடினார் என்று கூறுக. அவர் பாட்டில் அரசனுக்கு முன்னே ஒரு நூற்கும் பெண் விளக்கோடு எழுந்தாள் என்பதையும் கூறுக. வெண்ணாகனார் அவள் விளக்கை எழுதினார். பெயரை எழுதாமல் விட்டார். அவர் விட்ட அந்த ஒன்றை நம் வீட்டு மகளிர் பொருட்டு நாம் எழுதி முடிப்போமாக.